நாலாவது கட்டம்

தம்பி, இங்கிலீஷ் புஸ்தகமாப் படிச்சுக்கிட்டு வர்றீங்க, அதான் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அஃபெக்சனேட்டுன்னா என்ன? இல்ல இல்ல, அர்த்தம் எனக்குத் தெரியும். நாலு பேருகிட்டக் கேட்டாச்சு. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாப்போமேன்னுதான். பாசமானவன்னா? ஆமா, மெடிக்கல்ஸ்ல இருக்குற பொண்ணும் போன்ல பாத்து அதேதான் சொல்லுச்சு. அப்பச் சரிதான்.

அந்த ஒரு வார்த்தையாலதான் தம்பி நான் இன்னைக்கு இந்த பஸ்சுல உக்காந்திருக்கேன். இல்லேன்னா இந்நேரம் மடிப்பாக்கத்துல ஐயாவுக்கு வெந்நீர் வெளாவிக்கிட்டு இருப்பேன். மணி எட்டாச்சா? எட்டரையா? ஆமா, குளிக்கிற நேரம்தான்.

எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும் நீங்க. ஒண்ணும் பெரிசில்ல. நாலு வரி இங்கிலீஷ்ல ஒருத்தருக்கு வாட்சப்புல எழுதணும். அவரு ஒரு காகிதத்துல ஒரு எடத்துல நோன்னு போட்டிருக்காரு. அதை எஸ்ஸுன்னு மாத்திக் குடுத்தாருன்னா ஏஜென்சிக்காரங்க என்னைத் திரும்ப ஐயாகிட்டயே அனுப்பிருவாங்க. அம்புட்டுத்தான். எழுதுறதுக்கு முன்னாடி வெவரம் தெரியணும்ல, சொல்றேன். நீங்க மதுரை வரைக்குமா? நான் கொட்டாம்பட்டியில எறங்கிருவேன். நேரம் கெடக்கு.

எம் பேரு சேவுகன். சிங்கம்புணரி. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு வருசம் வார்டு பாயா இருந்தேன். அம்பது வயசு ஆனாலும் அங்க பாய்தான், பையன்னுதான் பேரு. வீட்டுக்காரி தவறினதுக்கப்புறம் ஊர்ல தனியாக் கெடந்து என்ன பண்ணன்னு மெட்ராசுக்கு வந்தேன். வயசானவங்களைப் பாத்துக்கிறதுக்கு வீட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி ஒண்ணு. நாலஞ்சு வீடு பாத்தேன். கடைசியாப் போனதுதான் வேதாசலம் ஐயா வீடு. பதினாலு மாசம்.

ஐயாவுக்கு எம்பத்தொண்ணு வயசு. சர்வே டிப்பார்ட்மென்டுல பெரிய ஆபீசரா இருந்தவரு. இப்ப நெனப்பு போயிருச்சு. அம்மா இல்ல. ஒரே மகன், மதிவாணன், கனடாவுல இருக்காரு. நல்ல மனுசன். அவரைப் பத்தி ஒரு கொறை சொல்ல மாட்டேன். சம்பளம், சாப்பாடு, தீவாளிக்கு வேட்டி சட்டை, எதுலயும் கொறை வைக்கல. கொறை எங்கிட்ட இருந்திருக்கு, அதான் வெவகாரம்.

மாசா மாசம் ஏஜென்சியில இருந்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு ஃபாரம் போகும். ஆள் எப்படின்னு கேட்டு. நாலு கட்டம் இருக்கும். மொதக் கட்டம் பங்ச்சுவல், நேரத்துக்கு எல்லாம் செய்யுறானா. ரெண்டாவது கிளீன். மூணாவது ஆனஸ்ட். இந்த மூணும் ஆஸ்பத்திரியிலயே பழகின வார்த்தைங்க, எனக்குத் தெரியும். மூணுக்கும் அவரு எஸ், எஸ், எஸ்ஸுன்னுதான் போட்டிருக்காரு. நாலாவது கட்டத்துலதான் இந்த அஃபெக்சனேட். அதுல மொத பத்துப் பதினோரு மாசம் ஒண்ணுமே போடாம விட்டிருக்காரு. அப்புறம் நோ. அடுத்த மாசமும் நோ. அதுக்கடுத்த மாசமும் நோ. மூணு நோ வந்தா ஆளை மாத்திரணும்னு அவங்க சட்டம். போன வாரம் ஏஜென்சி மேடம், ஷர்மிளான்னு பேரு, என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டுறாங்க. சேவுகன், நீங்க ரொம்ப சின்சியர், ஆனா அஃபெக்சனேட்டா இல்லியேங்குறாங்க.

அதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை நான் கேட்டதில்லைன்னு நெனைக்காதீங்க. தெனம் கேட்டிருக்கேன். ரெண்டாவது மாடியில ஒரு வீட்டுல நாய் இருக்கு, கன்னுக்குட்டி சைசுல. லிஃப்ட்டுல வரும்போது அது மேல தாவும். ஆளுக பயந்தா அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லும், பயப்படாதீங்க, ஹி ஈஸ் வெரி அஃபெக்சனேட்டுன்னு. நான் அதுக்கு, தடுப்பூசி போட்டாச்சு, கடிக்காதுன்னு அர்த்தம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். சிரிக்காதீங்க தம்பி. மெடிக்கல்ஸ் பொண்ணு பாசமானன்னு சொன்னதுக்கப்புறந்தான் எனக்கு ஒறைச்சுச்சு. அந்த நாய்க்கு இருக்குன்னு ஊரே சொல்ற கொணம் எனக்கு இல்லைன்னு எழுதியிருக்காரு. பதினாலு மாசம் அவரு அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவனைப் பாத்து.

வாட்ச்மேன் அண்ணன்கிட்டயும் கேட்டேன். பட்டாளத்துல இருந்தவரு. அவங்க பெரிய ஆபீசரு வீட்டுக்கு எழுதுற லெட்டர்ல கடைசியில, கையெழுத்துக்கு மேல, அந்த வார்த்தையப் போடுவாராம். நேர்ல அந்த ஆபீசரு சிரிச்சே யாரும் பாத்ததில்லையாம். கேட்டீங்களா? எழுத்துல மட்டும் போடலாம் போலருக்கு.

ஷர்மிளா மேடம்கிட்ட நான் நேராவே கேட்டுட்டேன். ஏம்மா, நான் எதுல கொறை வச்சேன்? அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. சார் கேமராவுல பாக்குறாரு சேவுகன். நீங்க அப்பா கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசுறதில்ல. பக்கத்துல உக்கார்றதில்ல. சிரிக்கிறதில்ல. சாப்பாடு குடுத்தா குடுத்துட்டு நகந்து நிக்கிறீங்க. ரோபோ மாதிரி இருக்குன்னு சார் ஃபீல் பண்றாருன்னாங்க.

கேமரா. ஆமா. ஹால்ல ஒண்ணு, படுக்கையறையில ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு. நமக்குக் காலையில எட்டரைன்னா அவருக்கு அங்க ராத்திரி பதினொண்ணு. படுக்கப் போறதுக்கு முன்னாடி அப்பாவை ஒருக்கப் பாத்துட்டுத்தான் படுப்பாரு. அதுக்குள்ள இருந்து பேசவும் செய்யலாம். செவுத்துல இருந்து திடீர்னு குரல் வரும், சேவுகன், அப்பாவுக்கு மாத்திரை குடுத்தாச்சான்னு. நான் கைலியை எறக்கி விட்டுட்டு எந்திரிச்சு நிப்பேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி. பெத்த மகன் பாத்துக்கிட்டு இருக்காரு. அப்பாவைத் தொட்டுப் பாக்கணும்னு அவருக்கு ஆசை இருக்காதா? முடியல. எங்கயோ உக்காந்துக்கிட்டு செவுத்து வழியாப் பாக்குறாரு. அவரு கண்ணு முன்னாடி கூலிக்கு வந்த நான் போயி அவரு அப்பா கன்னத்தைத் தடவுறதும், கட்டிப் பிடிக்கிறதும், அது என்ன ஞாயம்? அவரு செய்ய வேண்டியதை நான் செஞ்சு அவருக்கே படம் காட்டுற மாதிரி இருக்காது? அந்த மனுசன் மனசு என்ன பாடுபடும்? அதுக்காகத்தான் கேமரா இருக்குற எடத்துல எல்லாம் நான் ரெண்டடி தள்ளியே நின்னேன். அது மரியாதை. அதைப் போயி ரோபோங்குறாரு.

எங்க பக்கமெல்லாம் அப்படித்தான். எங்கப்பா உசுரோட இருந்த வரைக்கும் அவரு முன்னாடி எம் மகளை நான் தூக்கினதே கெடையாது. பெரியவங்க இருக்கையில தன் பிள்ளையத் தானே கொஞ்சிக்கிட்டு இருந்தா, வெக்கமில்லாதவன்னு சொல்லுவாங்க. பிள்ளை தவந்து வந்து காலைக் கட்டிக்கும். நான் எங்கிட்டோ பாக்குற மாதிரி நிப்பேன். வீட்டுக்காரி வந்து தூக்கிட்டுப் போவா. எங்கப்பா அவரு பிள்ளைகளை எங்க தாத்தா முன்னாடி தூக்கியிருப்பாருன்னா நெனைக்கிறீங்க?

சரி, கேமரா இல்லாத எடம் ஒண்ணு இருந்துச்சுல்ல. பாத்ரூம்.

அதை நான் ஷர்மிளா மேடம்கிட்டக்கூடச் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். கதவைச் சாத்திட்டுக் குழாயைத் தொறந்து விட்டா வெளிய ஒரு சத்தமும் கேக்காது. ஐயாவ ஸ்டூல்ல உக்கார வச்சு, மொதல்ல கால்ல ஒரு மக்கு தண்ணி. அப்புறம் முட்டி. அப்படியே மெதுவா மேல ஏறணும். எடுத்ததும் தலையில ஊத்தினா அலறிருவாரு. எடது காதுல தண்ணி போகக் கூடாது, என் உள்ளங்கையை வச்சு மூடிக்கிருவேன். என் ராசா, என் தங்கமே, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே ஊத்துவேன். ஆமா, எம்பத்தொரு வயசு ஆபீசரைத்தான். வெளிய வந்தா ஐயா. உள்ள இருந்தா என் ராசா.

ஒருநாள் சோப்பு போட்டுக்கிட்டு இருக்கேன், ஐயா திடீர்னு நிமிந்து உக்காந்து, செயின்மேன், இழுத்துப் புடிங்குறாரு. எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல, அப்புறந்தான் பிடிபட்டுச்சு. சர்வேயில நெலத்தை அளக்குறதுக்கு இரும்புச் சங்கிலி இருக்கும்ல, அதோட ஒரு மொனையைப் புடிச்சுக்கிட்டு மேட்டுலயும் பள்ளத்துலயும் ஓடுறவருதான் செயின்மேன். சரின்னு கைக்குழாய் டியூப்பை நான் ஒரு மொனை, அவரு ஒரு மொனை புடிச்சுக்கிட்டோம். எவ்வளவுடாங்குறாரு. நாப்பத்திரெண்டு லிங்க்ஸ் ஐயான்னேன், சங்கிலி அளவை ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எழுதிக்கோன்னாரு. அப்படி ஒரு சிரிப்பு தம்பி, பல்லில்லாத வாயில. எத்தனை மாசம் கழிச்சோ சிரிச்சாரு. அன்னையில இருந்து தெனம் அதான் எங்களுக்கு வேலை. ஒரு கம்மாய் முழுக்க அந்தப் பாத்ரூமுக்குள்ள அளந்தோம். நடுவுல நான் சோப்பும் போட்டுருவேன், முதுகும் தேச்சுருவேன், அவருக்குத் தெரியாது. கடைசியில, ஐயா, எல்லைக் கல்லு நட்டாச்சு, ஜீப்பு வந்திருச்சுன்னு நான் சொன்னாத்தான் ஸ்டூலை விட்டு எந்திரிப்பாரு. குளிச்சு முடிச்சுத் தலை தொவட்டுறப்ப எந் தலையில கையை வச்சு, நல்ல ஆளுடா நீயின்னு சொல்லுவாரு. தெனம் சொல்லுவாரு.

கதவைத் தொறந்து ஹாலுக்கு வந்ததும் நான் தள்ளி நின்னுக்கிருவேன். அவரும் எங்கயோ பாத்துக்கிட்டு உக்காந்துருவாரு. அதைத்தான் மகன் பாத்திருக்காரு. ரெண்டு பேரும் ரெண்டு மூலையில.

இப்பப் புதுசா ஒரு ஆளைப் போட்டிருக்காங்க. ஜெயசீலன்னு பேரு. கன்னியாகுமரிப் பக்கம். நாலு நாளைக்கு முன்னாடி நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஏஜென்சி ரூமுக்குக் கெளம்பும்போதே வந்துட்டாரு. வந்ததும் வராததுமா கேமராவுக்கு நேரா நின்னு, அப்பா, சாப்டீங்களா செல்லம்னு ஐயா நெத்தியில முத்தம் குடுக்குறாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நாந்தான் வெக்கப்பட்டேன், அவருக்கு ஒண்ணுமில்ல. நல்ல ஆளாத்தான் இருப்பாரு, நான் என்ன கண்டேன். அவரு முதல் நாள்லயே எஸ் வாங்கியிருப்பாரு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, எம் மகளும் இதையேதான் சொல்லும். அழகுமீனா. திருச்சியிலதான் கட்டிக் குடுத்திருக்கு, பால்பண்ணைக்குப் பக்கத்துல. இந்த பஸ்சே அந்த வழியாத்தான் போகும். ஒங்களுக்கு எம் மேல பாசமே கெடையாதுப்பான்னு சொல்லும். கல்யாணத்தன்னைக்கு அது அழுகுது, நான் பந்தியில மோர் வந்துச்சான்னு பாக்கப் போயிட்டேனாம். போகாம? சம்பந்தி வீடு பூரா நிக்குது, அங்க நின்னு நானும் அழுகவா? பிள்ளை பொறந்தப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரூம் நெறைய அவங்க ஆளுங்க. வாசல்ல நின்னே பாத்துட்டு, ஆரஞ்சுப் பழத்தை நர்சம்மாகிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கும் ஒரு கோவம். பொம்பளப் பிள்ளைங்க அப்படித்தான் பேசும். மனசுல இருக்கறது தெரியாமயா போயிரும்? பெத்த பிள்ளைக்குத் தெரியாதா? எட்டு மாசமாப் போன் பண்ணல. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நேரம் இருக்காது.

எறங்கிப் பாத்துட்டுப் போகவா? நீங்க வேற. சொல்லாமக் கொள்ளாம பெட்டியோட போயி நின்னா, மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க. அதெல்லாம் வேணாம். அதை விடுங்க, நம்ம வெசயத்துக்கு வருவோம்.

இந்தாங்க போனு. மேல இருக்குல்ல, மதிவாணன் சார்னு. தமிழ் நல்லாப் பேசுவாரு, ஆனா படிக்க வராது. வடக்க எங்கயோ படிச்சு வளந்தவரு. வாய்ல பேசி அனுப்பலாம்தான், அவருகிட்டப் பேசணும்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். நீங்க எழுதுங்க. வணக்கம் சார், நான் சேவுகன். ஐயாவ என்னால முடிஞ்ச வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்டேன். தப்பு ஏதும் இருந்தா மன்னிக்கணும். நாலாவது கட்டத்தை மாத்திக் குடுத்தா நான் திரும்ப வந்துருவேன். அம்புட்டுத்தான். பாத்ரூமா? அதை எழுதாதீங்க தம்பி. அதெப்படி எழுதுறது. மகனுக்குப் போயி அதை எழுதுவாங்களா? நீங்க இம்புட்டை மட்டும் அனுப்புங்க.

போயிருச்சா? ரெண்டு டிக்கு. சரி, பாப்பாரு. இப்ப முழிச்சிருக்குற நேரந்தான்.

ஊருக்குப் போயி என்ன பண்ணுவேன்னா? என்ன பண்ண. வீடு பூட்டிக் கெடக்கு. தொறந்து கூட்டணும். ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு ஒலை வைக்கணும். ஒரு ஆளுக்கு சோறாக்குறது மாதிரி ஒரு தரித்திரம் கெடையாது தம்பி, எம்புட்டுக் கொறைச்சுப் போட்டாலும் மிஞ்சும். ஐயா வீட்டுல ரெண்டு ஆளுக்கு ஆக்குவேன், சரியா இருக்கும்.

பாருங்க பாருங்க, வெளிச்சம் வருது. அவருதான? என்ன போட்டிருக்காரு? மெதுவாப் படிச்சு தமிழ்ல சொல்லுங்க.

ஆங்... நல்லவேளை நீங்களே எழுதினீங்கன்னா? சரி. அப்பா நாலு நாளா... குளிக்கப் போனா வெளிய வர மாட்டேங்குறாரா? யாரு, ஐயாவா? இப்பவும் உள்ளதான் இருக்காரா? அரை மணி நேரமா? ஈரத்தோடயா? அடப்பாவமே. அவருக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும் தம்பி, மார்கழியில அப்படித்தான் பத்து நாள் படுத்துட்டாரு. ஜெயசீலன் கையைப் புடிச்சு இழுத்தா குழாயைக் கட்டிப் புடிச்சுக்கிறாராமா? இழுக்காதீங்கன்னு சொல்லுங்க, மொதல்ல அதை எழுதுங்க, தோள்பட்டை எறங்கிரும்.

இன்னும் என்ன? செயின்மேன் எங்க, செயின்மேன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரா?

அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டிருக்காரா?

இருங்க தம்பி. ஒரு நிமிசம். தூசி.

எழுதுங்க. ஜெயசீலனை வாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க, உள்ள போக வேணாம். நின்னுக்கிட்டு, ஐயா, கல்லு நட்டாச்சு, ஜீப்பு வந்திருச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. சத்தமா. சார்னு சொல்லக் கூடாது, அப்பான்னும் சொல்லக் கூடாது, ஐயான்னு சொல்லணும். சொல்லிட்டுத் துண்டை நீட்டச் சொல்லுங்க. அவரே எந்திரிச்சு வந்துருவாரு. எழுதிட்டீங்களா? அனுப்புங்க, அனுப்புங்க மொதல்ல.

செயின்மேன் யாருன்னா... அவரு பழைய ஆபீசுல யாராவது இருந்திருப்பாங்கன்னு எழுதுங்க. நீங்க என்ன என்னையே பாக்குறீங்க? எழுதுங்க தம்பி. நாந்தான்னு எழுதினா அவரு என்னைக் கூப்பிடத்தான் செய்வாரு. இன்னைக்கே கூப்பிடுவாரு. அது எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு யோசிங்க. பெத்த மகன் பேரே அவருக்கு மறந்து போச்சு. போன்ல மூஞ்சியைக் காட்டினா யாரு இதுன்னு கேப்பாரு. அப்பேர்ப்பட்டவரு கூலிக்கு வந்தவனைத் தேடி அழுதுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு அந்த மகன் படிக்கணுமா? நடுராத்திரியில, தனியா உக்காந்துக்கிட்டு? என்னால அதை ஒருத்தருக்குச் செய்ய முடியாது. பழைய ஆபீசு ஆளுன்னே எழுதுங்க. ஆபீசு ஆளைத் தேடினா யாருக்கும் வலிக்காதுல்ல.

அனுப்பிட்டீங்களா? சரி.

இந்த டிரைவர் ஏன் இம்புட்டு வேகமாப் போறாரு. விக்கிரவாண்டி தாண்டியாச்சா? டீக்கு நிறுத்துவான்னு பாத்தேன்.

வந்திருச்சா? என்ன? வெளிய வந்துட்டாரா? அந்த வார்த்தையைச் சொன்னதும் எந்திரிச்சு வந்துட்டாரா? அப்பாடா. ரொம்ப தேங்க்ஸுன்னா போட்டிருக்காரு. சரி சரி. கட்டத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையா? இருக்கட்டும், கேக்காதீங்க. இனிமே கேக்க என்ன இருக்கு, போனை இங்கிட்டுக் குடுங்க.

நல்லதாப் போச்சு தம்பி. ஈரத்தோட உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும். இனிமே ஜெயசீலன் தெனமும் அதைச் சொல்லிக் கூட்டிட்டு வந்துருவாரு, ஒரு தொந்தரவும் இருக்காது. நல்லதுதான்.

ஜெயசீலன் சொல்லியும் ஐயா வந்துட்டாரு பாருங்க.